இடப்பக்கம் மூன்று டிகிரி

ஜூன் 3, திங்கள்

திருப்பூர் வந்து சேர்ந்தாயிற்று. விடுதியில் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. வார்டனிடம் கேட்டால், "காத்தால அஞ்சு மணிக்கு வரும் கண்ணு, எந்திரிச்சுப் புடிச்சு வெச்சுக்கோணும்" என்கிறார். குடத்தோடு வரிசையில் நிற்கவா நான் பொறியியல் படித்தேன்?

இது வரை கோயம்புத்தூரில் மேஜையில் இருந்த என் மெஷின் இன்று பனியன் பிரிண்டிங் யூனிட்டுக்குள் ஏறிவிட்டது. வேலை சின்னதுதான். ஒருவர் பனியனைப் பலகைமேல் விரித்துப் போடுவார். மேலே கேமரா. பனியன் கொஞ்சம் கோணலாகக் கிடந்தால், எவ்வளவு கோணல் என்று பார்த்து, அச்சுத் தட்டையும் அவ்வளவு திருப்பிக்கொள்ளும். படம் நேராக விழும். இப்போது ஓடுவது குழந்தைகள் பனியன், நெஞ்சில் ஒரு கரடி மூஞ்சி. வெளிநாட்டு ஆர்டர்.

முதலாளி நல்லசிவம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு வாரம் ஓடட்டுங்க. ரிஜெக்ட் கம்மியா இருந்தா அடுத்த புதன்கிழமை மெஷின் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் கம்பெனி சபரி சார் போனில், "வாணி, கையெழுத்து இல்லாம பஸ் ஏறாதே" என்றார். என்னவோ நான் திருப்பூரைச் சுற்றிப் பார்க்க வந்த மாதிரி.

ஜூன் 4, செவ்வாய்

மானம் போயிற்று.

சூப்பர்வைசர் குப்புராஜுக்கு மெஷின்மேல் முதல் நாளிலிருந்தே காட்டம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருக்கிறார். "நாங்க கண்ணுலயே அளந்துருவமுங்க" என்று சொல்லி, ஒரு பனியனை எடுத்து, இழுத்து, நீவி, கோடு கிழித்த மாதிரி நேராகப் போட்டார். மெஷின் நின்றுவிட்டது. 'கோணம் கிடைக்கவில்லை' என்று திரையில் சிவப்பு எழுத்து. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. கோணலாகப் போட்டால் ஓடுகிறது.

"நேராப் போட்டா உங்க மெஷினுக்குப் புடிக்காதுங்களாட்ட இருக்குது மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அது என் மெஷினாக இல்லாமல் இருந்தால்.

காரணம் கண்டுபிடித்தேன். கேமரா எனக்கு நான்கு எண்கள் தருகிறது, இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தில் அணி என்று படித்தோமே, அதேதான். பனியன் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது அந்த நான்குக்குள் இருக்கிறது. மேல் வரிசையின் முதல் எண், கோணத்தின் காஸ், அதாவது கொசைன். அதை எடுத்து, எந்தக் கோணத்துக்கு இந்த காஸ் என்று திருப்பிக் கேட்டால் கோணம் வந்துவிடும். ஒரே வரியில் எழுதியிருக்கிறேன், சபரி சாரே பாராட்டினார். பனியன் அப்பழுக்கில்லாமல் நேராக இருந்தால் அந்த எண் சரியாக ஒன்று வர வேண்டும். கேமராவின் சின்னப் பிசிறால் ஒன்றுக்கு ஒரு துளி மேலே போய்விட்டது. ஒன்றுக்கு மேலே காஸே கிடையாது, கணினி என்ன செய்யும், கையை விரித்துவிட்டது.

ஒன்றைத் தாண்டினால் ஒன்று என்று வைத்துக்கொள் என இன்னொரு வரி சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. அதற்கு நாள் முழுக்கக் கேலி.

ஜூன் 5, புதன்

ஓடுகிறது. பாதி நேரம்.

பனியன் போட மூன்று பேர் மாறி மாறி நிற்கிறார்கள். முதல் இரண்டு பேர் நின்றபோது கரடியெல்லாம் சமர்த்தாக நேரே பார்த்தது. மூன்றாவது முத்துப்பேச்சியக்கா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், இங்கே பலகை போடுகிறவர்களில் மூத்தவர். அவர் நின்ற நேரம் முழுக்கக் கரடி குடித்துவிட்டு வந்த மாதிரி சாய்கிறது. லேசாக அல்ல, பார்த்ததும் தெரிகிற சாய்வு. பெட்டி நிறைய ரிஜெக்ட்.

கேமரா லென்ஸைத் துடைத்தேன். விளக்கை மாற்றினேன். ஜன்னல் வெயில் விழுகிறதோ என்று அட்டை வைத்து மறைத்தேன். எல்லாம் செய்துவிட்டு அக்காவைப் போடச் சொன்னால் மறுபடியும் கோணல் கரடி. மற்ற இரண்டு பேர் போட்டால் நேர்.

நான்கு மணிக்கு அக்காதான் எனக்கு டீ கொண்டுவந்து நீட்டினார். பின்னாலேயே வந்த குப்புராஜ், "மேடத்துக்குப் போயி பீச்சாங்கைல குடுக்கற? சோத்தாங்கைல குடும்மா" என்று அதட்டினார். அக்கா கையை மாற்றியதில் பாதி டீ என் மடியில் கொட்டிற்று. புதுச் சுடிதார். சுடச்சுட டீ. இந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம்.

ஜூன் 6, வியாழன்

இன்று முழுக்க அக்கா பக்கத்திலேயே நின்றேன்.

"நான் நேராத்தான் போடுதேன் மேடம். நீங்களே பாருங்க."

பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்துதான் கிடந்தது. ஆனால் அந்த அளவுக்கு எல்லோரும்தான் சாய்க்கிறார்கள். விரித்துவிட்டுக் கடைசியாக விளிம்பைப் பிடித்து ஒரு இழு இழுக்கிறார்களே, அதில் எல்லோருக்கும் இரண்டு மூன்று டிகிரி போய்விடுகிறது. அதைச் சரிசெய்யத்தானே மெஷின். திரையில் 3.1 என்று காட்டியது. தட்டும் அந்த அளவுக்குத் திரும்பியது. அச்சு விழுந்தால் முன்னைவிட மோசம்.

"முன்னால கையால அடிக்கும்போது இந்தச் சங்கடம் இல்ல மேடம். ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல" என்றார்.

முன்னால் யார் அளந்தார்கள் என்று கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. நான் கேட்டது சரியான கேள்விதான்.

யோசித்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை. மெஷின் ஒன்று. கேமரா ஒன்று. விளக்கும் பனியனும் ஒன்றே. ஆள் மட்டும்தான் மாறுகிறார். கேமரா படம் பிடித்த பிறகு துணி நகர்கிற மாதிரி ஏதோ செய்கிறார் போல. எனக்குத் தெரியாமல் எப்படிச் செய்கிறார் என்பதுதான் புரியவில்லை.

சாயங்காலம் குப்புராஜ், யார் நின்றபோது எத்தனை ரிஜெக்ட் என்று பிரித்துக் கேட்டார். கேட்டார்கள், கொடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

மழை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. அம்மா மூன்று முறை போன், எடுக்கவில்லை.

ஜூன் 8, சனி

சம்பள நாள். கவரைக் கொடுத்த கையோடு குப்புராஜ் முத்துப்பேச்சியக்காவிடம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் எதிரிலேயே. "மெஷினே சொல்லுது, நான் என்ன பண்றது?" என்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை என் மெஷினைப் பார்த்துச் சிரித்தவர், சனிக்கிழமை அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

"மேடம், ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க. வேற யூனிட்டுக்குப் போனா, அங்க ஏன் நின்னேன்னு முதல்ல கேப்பாக. கோணலாப் போட்டேன், மெஷினு காட்டிக் குடுத்துட்டுன்னா சொல்ல முடியும்? பலகை வேலையே தர மாட்டாவ. அதத் தவிர எனக்கு வேற வேலை தெரியாது."

"நான் மெஷின் மட்டும்தான் பாக்கறேன்க்கா. ஆள் விஷயமெல்லாம் அவங்கதான்."

"எனக்கு நொட்டாங்கைதான் வாகு மேடம். அதனாலயா இருக்குமோன்னு தோணுது. வேணும்னா சோத்தாங்கையில போட்டுப் பழகிட்டு வாரேன். பழகிருவேன்."

மெஷினுக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன, அது பனியனைத்தானே பார்க்கிறது என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் இப்படி வருகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. பஸ் வந்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். தலைக்குக் குளித்தேன். மெஸ்ஸில் பிரியாணி என்ற பெயரில் மஞ்சள் சாதம் போட்டார்கள்.

அவரை வேலையை விட்டு நிறுத்தியது நானில்லை. என்னிடம் ஒரு விவரம் கேட்டார்கள், இருந்த விவரத்தைக் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டாலும் பெட்டி நிறையக் கோணல் கரடி இருந்தது, கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

அம்மா மறுபடி போன். எடுக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

காலையில் மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு ரிஜெக்ட் இல்லை. நல்லசிவம் வந்து, "ஆளத் தூக்குனதும் சரியாயிருச்சு பாருங்க" என்றார். புதன்கிழமை கையெழுத்து உறுதி. சபரி சாருக்குச் சொன்னேன், கட்டை விரல் அனுப்பினார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று பழைய கழிவுப் பனியன் ஒன்றை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா. இனியும் எடுக்காவிட்டால் நேரில் வந்துவிடுவாள் என்று எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், பையனுக்கு பெங்களூரில் வேலையாம், நான் கண்ணாடி போடாமல் நிற்க வேண்டுமாம். போன் வலது கையில், காதில். இடது கையால் பனியனை விரித்து, விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

கரடி படுத்துக்கொண்டது.

"அம்மா, அப்புறம் பேசறேன்."

"கண்ணாடி விஷயம் மட்டும் கேட்டுக்கடி."

வைத்துவிட்டேன். பனியனைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். பனியன் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. திரையில் 3.4, வலப்பக்கம். தட்டு வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. இன்னொரு பனியனை எடுத்து, வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்துப் போட்டேன். மறுபடியும் வலப்பக்கம் என்கிறது. இதுவரை ஓடிய பனியன்களின் கோணத்தையெல்லாம் திரையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கழித்தல் குறி போட்டது ஒன்றுகூட இல்லை. ஒரு வாரமாக ஒரே ஒரு பனியன்கூட இடப்பக்கம் சாயவில்லை என்று மெஷின் சாதிக்கிறது. அதை நான் நம்பியிருக்கிறேன்.

காஸுக்குப் பக்கம் தெரியாது. வலப்பக்கம் மூன்று டிகிரி சாய்ந்தாலும் 0.9986, இடப்பக்கம் மூன்று டிகிரி சாய்ந்தாலும் அதே 0.9986. அதை மட்டும் வைத்துக்கொண்டு கோணத்தைத் திருப்பிக் கேட்டால், கணினி பாவம், எப்போதும் கூட்டல் மூன்று என்றுதான் சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்வது சைன். அது கீழ் வரிசையில், காஸுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் கூட்டல், மறுபக்கம் சாய்ந்தால் கழித்தல். நான்கு எண்ணைக் கையில் கொடுத்தும் நான் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைனையும் காஸையும் சேர்த்துக் கொடுத்தால் கோணத்தையும் பக்கத்தையும் ஒன்றாகச் சொல்கிற கட்டளை எல்லாக் கணினி மொழியிலும் இருக்கிறது. எனக்குத் தெரியும். இரண்டாம் வருடப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

வலது கைக்காரர்கள் கடைசி இழு வலப்பக்கம் இழுக்கிறார்கள், பனியன் வலப்பக்கம் சாய்கிறது, மெஷின் சரிசெய்கிறது. கோயம்புத்தூரில் சோதித்தது நான், நானும் வலது கை. முத்துப்பேச்சியக்கா இழுத்தால் இடப்பக்கம். அவர் மூன்று டிகிரி சாய்க்க, மெஷின் எதிர்ப்பக்கம் மூன்று திரும்பி, ஆறு டிகிரி கோணலில் கரடி. அவரே வாயைத் திறந்து நொட்டாங்கை என்று சொன்னார். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரியை மாற்றினேன். இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். நேராக விழுகிறது. செவ்வாய்க்கிழமை சேர்த்த ஒட்டு வரியும் இப்போது தேவையில்லை, அழித்தேன். அன்றைக்கே மெஷின் கத்திச் சொல்லியிருக்கிறது, காஸை மட்டும் நம்பாதே என்று. நான் அதன் வாயைக் கட்டிவிட்டேன்.

யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

சபரி சாரிடம் சொன்னேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு, "சரி, மாத்திட்டேல்ல. அப்டேட்னு சொல்லிடு" என்றார்.

"ஒரு ஆள வேலைய விட்டு அனுப்பிட்டாங்க சார்."

"நாமளா அனுப்பினோம்?"

ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய அதே வரி. இன்னொருவர் வாயில் கேட்கும்போது அருவருப்பாக இருக்கிறது.

"நாளைக்குக் கையெழுத்து, வாணி. அதுக்கப்புறம் என்ன வேணா பேசிக்கோ. இப்ப வாயத் தொறந்தா அவங்க மெஷினையே திருப்பி அனுப்புவாங்க. இங்க பதினாலு பேர் இருக்கோம்."

சரி சார் என்றுதான் சொன்னேன். எதற்குச் சரி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி. கதவு திறந்திருந்தது. தரையில் ஒரு மணைப்பலகை, அதன்மேல் ஒரு தலையணை உறை. இடது கையைச் சேலை முந்தானையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, வலது கையால் உறையை விரித்து இழுத்துக்கொண்டிருந்தார். கோணல்மாணலாக வந்தது. எடுத்து உதறி மறுபடி போட்டார். சுவரோரம் இன்னும் நாலைந்து உறைகள், ஒரு பாவாடை.

என்னைப் பார்த்ததும் எழுந்து, "கொஞ்சம் கொஞ்சமா வருது மேடம். இன்னும் ரெண்டு நாளு" என்றார்.

உட்காராமலே சொன்னேன். உங்கள் கை சரியாகத்தான் இருந்தது, நான் எழுதியதுதான் தப்பு, மெஷினுக்கு இடப்பக்கம் என்றால் என்னவென்றே நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அக்கா முந்தானையைப் பிரித்து இடது கையை வெளியே எடுத்தார். ரொம்ப நேரம் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன மேடம் செய்ய? எங்கை சரிதாம்னு எனக்குத் தெரியும்லா. அங்க வந்து சொல்லுவீகளா?"

ஜூன் 12, புதன்

நல்லசிவம் பேனாவைத் திறந்துவிட்டார். "ஒரு நிமிசங்க" என்றேன்.

சொல்லி முடிக்கும்வரை காதைக் குடைந்துகொண்டிருந்தார். காஸ், சைன் எல்லாம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. தப்பு மெஷின்லயா, அந்தம்மா கையிலயா? அத மட்டும் சொல்லுங்க."

"நான் எழுதுனதுலங்க. இப்ப மாத்திட்டேன். அவங்க கைல எந்தத் தப்பும் இல்லீங்க."

அவர் பேனாவை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சேயிருக்காது" என்றார். அது பாராட்டா, நான் ஒரு முட்டாள் என்கிறாரா என்று விளங்கவில்லை. "அந்தம்மாவ வரச் சொல்லுங்க. போட்டுக் காட்டட்டும், அப்புறம் கையெழுத்து."

அக்கா கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். உள்ளே வந்தார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா பனியனை எடுத்துப் பலகையில் விரித்தார். வலது கையால். விளிம்பை வலது கையாலேயே இழுத்துவிட்டார். திரையில் 2.6. கரடி நேராக விழுந்தது.

குப்புராஜ் ஸ்கேலை வைத்து அளந்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா மேடம், சோத்தாங்கைல போட்டா சரியா வருது. இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு வாரத்து ஆத்திரம். இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? மெஷினில் என் பழைய வரி இருந்திருந்தாலும் அந்தப் பனியன் நேராகத்தான் வந்திருக்கும் என்று கத்தினேன். வலது கை எதையும் நிரூபிக்காது, தப்பு பூராவும் இடப்பக்கம் இருந்தது, அதை எழுதியது நான், இவரை வீட்டுக்கு அனுப்பியதும் நான் கொடுத்த கணக்குதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அக்கா, உங்க கைல போடுங்க" என்றேன்.

அக்கா இடது கையைப் பலகைமேல் வைத்தார். யாராவது அதட்டுவார்களோ என்று பார்ப்பது போல ஒரு கணம் நிறுத்தினார். பிறகு ஒரே இழு. எனக்கு ஒரு வாரமாகப் பழக்கமான அந்த வேகம். திரையில் -3.1 வந்தது. அந்தக் கழித்தல் குறியை எல்லோர் முன்னாலும் இந்த மெஷின் காட்டுவது இதுதான் முதல் தடவை. தட்டு இடப்பக்கம் திரும்பிற்று. கரடி நேராகப் பார்த்தது.

குப்புராஜ் அளந்தார். இரண்டு தோளிலிருந்தும் அளந்தார். ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு, "டீ வந்துருச்சான்னு பாக்கறேன்" என்று போய்விட்டார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. நல்லசிவம் கையெழுத்துப் போட்டார். "இன்னைக்கே நின்னுக்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவரும் போனார். கூட்டம் கலைந்தது.

நான் கணினியை மூடிப் பையில் வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா வலது கையால் பனியன் போட்டுக்கொண்டிருக்கிறார். மெதுவாக, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"அக்கா, அதான் சரியாயிடுச்சே. உங்க கைலயே போடுங்க."

அக்கா நிமிரவில்லை.

"நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிருவீகள்லா மேடம்" என்றார். அடுத்த பனியனை எடுத்தார். அதையும் வலது கையால்தான் இழுத்துவிட்டார்.